வாய்க்கட்டு

முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது சோற்றில் கல் கடிபட்டுவிட்டது என்றுதான் புஷ்பவல்லி நினைத்தாள்.

டக்.

வலது காதுக்கு முன்னால், ரொம்பப் பக்கத்தில். வாயிலிருந்த கவளத்தை உள்ளங்கையில் துப்பி, பருக்கை பருக்கையாக நசுக்கிப் பார்த்தாள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. எதிரில் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த அவள் புருஷன் தர்மராஜ் தலையைத் தூக்கினான்.

"என்னா புஷ்பா, கல்லா?"

"ஆமாங்க. அரிசிய சரியாப் பாக்கல போல."

அவள் அரிசியில் கல் விடுகிறவள் இல்லை. மாமியார் ஜெகதாம்பாளிடம் வந்து சேர்ந்த புதிதில், ஒரு சின்னக் கல்லுக்காக ஒரு வாரம் பேச்சு வாங்கியவள். அதற்குப் பிறகு அவள் முறத்தைத் தாண்டி ஒரு குறுமணல்கூடப் பானைக்குப் போனதில்லை. இருந்தும் கல் என்றே சொல்லிவிட்டாள். கல் என்றால் அத்தோடு போயிற்று. கல் இல்லையென்றால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சத்தத்துக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. செந்துறையில் அந்தத் தெருவே முந்திரிக்கொட்டை உடைக்கிற தெரு. பக்கத்து வீட்டு ஆண்டாயி காலையில் சாம்பல் சட்டியும் மரக்கட்டையுமாக வாசலில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். கொட்டையை நிமிர்த்தி வைத்து ஒரு தட்டு. டக்கென்று ஓடு பிளந்து பருப்பு முழுசாக வரும். வறுக்கிற நாளில் கரும்புகை சுவரேறி வந்து கண்ணைக் கரிக்கும், கொட்டை எண்ணெயின் நெடி கொடியில் காய்கிற புடவையில் ஏறிக்கொண்டு எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. பங்குனியில் ஜெகதாம்பாள் இறந்து, கருமாதியும் முடிந்து, வந்த உறவெல்லாம் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிய பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்தது அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தட்டுச் சத்தமும்தான். பிள்ளை குட்டி கிடையாது. தர்மராஜுக்குக் கடைத்தெருவில் உரக்கடை. அவன் கிளம்பிப் போனால் வீடு முழுக்க அவளுக்குத்தான்.

ஆகவே, ஒரு மத்தியானம் கூடத்தில் பாய் போட்டுச் சும்மா படுத்திருந்தபோது மறுபடி டக் என்று கேட்டதும், ஆண்டாயி என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆண்டாயி மகளைப் பார்க்கச் செட்டிகுளம் போயிருப்பது நினைவுக்கு வந்தது. தெருவில் நாயின் குரைப்புகூட இல்லை. சித்திரை வெயிலில் ஓடுகள் மேலே மெல்ல நெளிகிற சத்தம், பானையிலிருந்து கசிந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான். அவள் வாயைத் திறக்கவில்லை, மூடவும் இல்லை. நாக்குகூட அசையவில்லை.

டக்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மாமியார் கிடந்த உள்ளறையின் கதவு திறந்திருந்தது. கருமாதிக்குப் பிறகு கயிற்றுக் கட்டிலைக் கழுவி அங்கேயே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் நிழல் தரையில் பின்னல் பின்னலாக விழுந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு கழுத்து. தலை வாரும்போது சீப்புப் பிடித்த கை காதுக்குக் கீழே பட்டது. உயிர் போகிற வலி. கண்ணாடியில் பார்த்தால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. விரலால் தொட்டால்தான் தெரியும். கழுத்தின் ஒரு பக்கம் வரிசையாக நாலு இடம். மறுபக்கம் ஒரே இடம், அது கொஞ்சம் பெரியது. எங்கேயோ சுளுக்கியிருக்கும் என்று நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவினாள். தடவுகிற கையே அங்கே போக அஞ்சியது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் வாய் போதவில்லை. இன்னும் சின்னதாகப் பிட வேண்டியிருந்தது. கொட்டாவி விட்டால் பாதியில் ஏதோ வந்து பிடித்து நிறுத்தியது. தாடைக்கும் உச்சிக்கும் நடுவில், காதுகளை ஒட்டி, யாரோ ஒரு நாடாவைச் சுற்றி வைத்திருப்பது மாதிரி இருந்தது. இல்லாத நாடாவை அவள் கையால் தேடிக்கூடப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

தர்மராஜ்தான் அரியலூருக்குக் கூட்டிப்போனான்.

பல் டாக்டர் சின்ன வயசுக்காரர், திருச்சிப் பக்கத்து ஆள், நோயாளியைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் மாதிரி பேசினார். அறையில் கிராம்பு எண்ணெய் வாசனை. "வாயத் தெறங்கம்மா. உங்க கை வெரல் மூணையும் சேத்து உள்ள விடுங்க. மூணும் போச்சுன்னா உங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போயிரலாம்."

இரண்டு விரல்தான் போயிற்று. அதுவும் பல்லில் உரசிக்கொண்டு.

அவர் பின்னால் வந்து நின்று கழுத்தில் கை வைத்தார். அவள் அலறிவிட்டாள்.

"அவ்வளவு வலியா?" அவர் வேறு இடங்களைத் தொட்டார், மெதுவாக. ஒவ்வொன்றுக்கும் அவள் துள்ளினாள். "இதான். தாடை மூட்டு கெட்டுப்போச்சுன்னா கழுத்துச் சதையும் சேந்து நோவும். ரெண்டும் கூட்டாளிங்க. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாங்களா சார்?"

"கடிக்கிதுங்க சார்," என்றான் தர்மராஜ். "நறநறன்னு. எங்கம்மா செத்ததுலேருந்து இப்புடித்தான். எங்கம்மாவ ஒன்றர வருசம் படுக்கையில வச்சுப் பாத்துச்சுங்க சார். பெத்த பொண்ணு பாக்காது அப்புடி. ஊரே சொல்லும்."

புஷ்பவல்லிக்குத் தலை குனிந்தது. புகழ்ச்சி அவளுக்குப் பிடிக்கும். இல்லையென்று சொன்னால் பொய்.

"அந்தத் துக்கம்தான். மனசுல உள்ளதைச் சொல்லாம வச்சா பல்லு அதை மெல்ல ஆரம்பிச்சுடும்." டாக்டர் முன்னால் வந்தார். "உங்க கையையே கழுத்துல வைங்கம்மா. காதுக்குக் கீழ, ரெண்டு பக்கமும். அழுத்தாதீங்க, சும்மா வைங்க. இப்ப பல்லை இறுக்கிக் கடிங்க."

கடித்தாள்.

விரல்களுக்கு அடியில் சதை எழும்பியது. கயிறு முறுக்கேறுகிற மாதிரி, இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில்.

"தெரியுதா? வாய இறுக்குறப்ப எல்லாம் இதுவும் கூடவே எந்திரிக்கும். வேற யாராச்சும் உங்க வாயப் புடிச்சுப் பலவந்தமா மூடுனாலும் எதுத்துக்கிட்டு நிக்கும். தூங்குறப்பகூட ஓயாது. செத்தாத்தான் அதுக்கு லீவு."

தர்மராஜ் சிரித்தான். டாக்டரும் சிரித்தார். புஷ்பவல்லி கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை கடித்துப் பார்த்தாள். அதே எழுச்சி. இதை அவள் விரல்கள் முன்னாடியே அறியும். இதே விரல்கள். வேறு கழுத்து.

பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை மத்தியானம். தர்மராஜ் உர லோடு எடுக்க அரியலூர் போயிருந்தான். கஞ்சி கொண்டுபோனவள் மாமியாரின் திறந்த வாயையும், கூரையைப் பார்த்து நிலைத்த கண்ணையும் கண்டு சுவரோரம் ஓடி "அக்கா" என்று கத்தினாள். ஆண்டாயி சாம்பல் கையோடு வந்தாள். குனிந்து கிழவியின் மூக்கடியில் உள்ளங்கையை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள், அவசரப்பட்டாள் என்று சொல்ல முடியாது.

"அடங்கிருச்சு புஷ்பா."

அவள் அழ ஆரம்பித்தாள். ஆண்டாயி அதட்டினாள். "அழுவுறத அப்பறம் அழுவு. சூடு ஆறுறதுக்குள்ள வாய மூடணும். வெறச்சுப்போச்சுன்னா எத்தினி பேரு புடிச்சாலும் மூடாது. தெறந்த வாயோட கெடந்தா வர்ற சனம் பயந்துக்கும்." பெட்டியைத் திறந்து ஒரு பழைய வெள்ளை வேட்டியை எடுத்து, பல்லால் கடித்து ஓரத்தை நீளமாகக் கிழித்தாள். மிச்சத்தைப் பெட்டியிலேயே போட்டாள்.

புஷ்பவல்லி தலைமாட்டில் உட்கார்ந்து இடது கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்தாள். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் நாலு விரல். வலது கையால் மோவாயை மேலே தள்ளினாள். டக்கென்று மூட்டு விழுந்து வாய் மூடியது. அப்போதுதான் கழுத்து எழும்பியது. விரல்களுக்கு அடியில், கயிறு முறுக்கேறுகிற மாதிரி.

"அக்கா, கழுத்து இழுக்குது."

"வெறைக்க ஆரம்பிச்சுருச்சு. வுட்டுறாத, நல்லாப் புடி."

நல்லாப் பிடித்தாள். ஆண்டாயி துணியை மோவாய்க்கு அடியில் கொடுத்து, காதுகளை ஒட்டி மேலே ஏற்றி, உச்சியில் முடிச்சுப் போட்டாள். மறுநாள் சனிக்கிழமை ஆகிவிடும் என்று ஊரே பறந்தது. கட்டோடேயே குளிப்பாட்டினார்கள். தர்மராஜ் வந்து சேர்ந்ததும் எடுத்துவிட்டார்கள். முந்திரிக்காட்டு ஓரத்தில், செம்மண்ணில், பொழுது சாய்வதற்குள் புதைத்தும் விட்டார்கள்.

"அம்மா, கையை எடுங்க," என்றார் டாக்டர். "போதும். வீட்டுல சுடுதண்ணில நனைச்ச துணியால தாடைக்கு ஒரு கட்டு போட்டு, தலையணை இல்லாமப் படுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பிய வெள்ளைப் புழுதி இரண்டு பக்கத்து மரங்களிலும் படிந்திருந்தது. சொல்ல வேண்டும். இப்போதே, இந்த இரைச்சலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கம்மாவுக்கு உயிர் இருந்துச்சு. நான்தான் வாயை மூடினேன். அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். அவன் அடிக்கலாம், அழலாம், அவளை வீட்டை விட்டுத் துரத்தலாம். எதுவானாலும் சரி. இதை உள்ளே வைத்துக்கொண்டு அவன் போடுகிற சோற்றைத் தின்ன முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஏங்க. உங்கம்மா…"

டக். வாய் நின்றுவிட்டது. ஒரு விரல் நுழைகிற சந்தோடு நின்றது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கழுத்தில் அந்த ஐந்து இடங்களும் ஒன்றாக நொந்தன.

தர்மராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா நெனப்பா? எனக்கும்தான். டாக்டரு தாடைக்குத் துணிக்கட்டு போடச் சொன்னாருல்ல, அப்பவே எனக்கு மனசு கெட்டுப்போச்சு." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒன்கிட்ட நான் சொல்லல. காட்டுல வச்சு அம்மாவோட வாய்க்கட்டு அவுக்க வரல புஷ்பா. குளிப்பாட்டுன தண்ணி பட்டு முடிச்சு இறுகிப்போயிருந்துச்சு. நகத்தால பிராண்டிப் பாத்தேன். குழி வெட்டுனவரு கத்திய எடுத்தாரு. அம்மா மொவத்துக்கிட்ட கத்தி வேணாம்னுட்டேன். வாய்க்கரிசிய உதட்டு மேலேயே போட்டேன். அப்புடியே மூடிட்டாங்க."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கட்டு அவிழவில்லை. மண்ணுக்கு அடியில், இறுகிய முடிச்சோடு, உதட்டில் அரிசியோடு. தன் வாய் திறக்காததன் காரணம் எந்த டாக்டருக்கும் தெரியப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விரலும் போகாமல் ஆனது. பல்லிடுக்கில் கஞ்சியை உறிஞ்சினாள். பேச்சு முனகலாகிவிட்டது. எழுதிக் காட்டலாம்தான், ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இரண்டு தடவை பென்சிலை எடுத்தாள். வாயால் சொன்னால் அழுதுகொண்டே சொல்லலாம், காலில் விழலாம், பேச்சு காற்றோடு போய்விடும். எழுதினால் அது நின்றுகொண்டே இருக்கும். அவன் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பான். பென்சிலை வைத்துவிட்டாள்.

ஒரு நப்பாசை மட்டும் இருந்தது. ஒருவேளை தான் நினைப்பது தப்போ என்று. ஆண்டாயி கை வைத்துப் பார்த்தாளே, ரொம்ப நேரம் பார்த்தாளே. அந்த நப்பாசையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு காலையில் சுவரைச் சுற்றிப் பக்கத்து வாசலுக்குப் போனாள்.

ஆண்டாயி வேலையை நிறுத்தாமல் நிமிர்ந்தாள். "வா புஷ்பா. மொவமே சுண்டிப்போச்சே."

"அக்கா," என்றாள் பல்லுக்குள்ளிருந்து. "அன்னைக்கு… அத்தைக்கு… மூச்சு…"

"மூச்சா? நாந்தான் மூக்குல கைய வச்சுப் பாத்தனே. ஒரு பொட்டு காத்து இல்ல. எத்தினி சாவு பாத்த கையி இது."

நீட்டிய கையைப் புஷ்பவல்லி பார்த்தாள். எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அந்த உள்ளங்கையை அவள் பார்த்ததே இல்லை. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து, உரிந்த இடத்தில் வேறு தோல் வந்து, அதுவும் வெந்து, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. ரேகையே இல்லை.

அவள் அந்தக் கையைத் தன் முகத்துக்கு அருகே இழுத்தாள். சாடை காட்டினாள்: அந்தப் பக்கம் பாருக்கா.

"என்னாடி வெளையாட்டு?" ஆண்டாயி சிரித்துக்கொண்டே தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

புஷ்பவல்லி மூக்கால் மூச்சு விட்டாள். சாதாரண மூச்சு. பிறகு பெருமூச்சு. பிறகு நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் பல்லிடுக்கு வழியாக உள்ளங்கையின் நட்டநடுவில் ஊதினாள். கையில் ஒட்டியிருந்த சாம்பல் பறந்தது.

ஆண்டாயி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "என்னா செய்யப் போற? செய்யி," என்றாள்.

புஷ்பவல்லி அந்தக் கையை மெதுவாக விட்டாள்.

அன்று மத்தியானம் தர்மராஜ் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தான். முகத்தில் ஒரு தெளிவு. "காலையில மொத பஸ்ஸுக்குத் திருச்சி போறோம். பெரியாஸ்பத்திரில காட்டிப்புடலாம். அதுவரைக்கும் டாக்டரு சொன்னபடி செய்வோம். நீதான் கட்டே போட வுட மாட்டேங்குற." அவன் உள்ளறைக் கதவைத் திறந்தான். கயிற்றுக் கட்டிலைச் சாய்ந்த இடத்திலிருந்து எடுத்துப் போட்டான். "தலையாணி கூடாதுன்னாரு. இதுல நீட்டிப் படு."

அவள் தலையை ஆட்டினாள். கழுத்து விடவில்லை. வேண்டாம் என்று ஆட்டியது அவனுக்குச் சரி என்று பட்டதோ என்னவோ, தோளைப் பிடித்துப் பதமாகப் படுக்க வைத்தான். கயிறு முதுகில் பதிந்தது. எத்தனை கழுவியும் போகாத ஒரு வாசனை, எண்ணெயும் மூத்திரமும் துளசியும் கலந்தது, அவளைச் சுற்றி எழும்பியது. இப்போது சொல்லிவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்து, கஞ்சித் தட்டில் விரலால் எழுதியாவது சொல்லிவிட வேண்டும். அவன் வெந்நீர்ச் சட்டியோடு திரும்பி வந்தான். தோளில் ஒரு வெள்ளைத் துணி.

"பெட்டியில கெடந்துச்சு. நல்லா மெதுவா இருக்கு."

அதே பழைய வேட்டி. ஒரு ஓரம் நீளமாகக் கிழிந்திருந்தது. கிழிசலின் தொடக்கத்தில் ஆண்டாயியின் பல் பட்ட இடம்.

அவள் முனகினாள். மூக்கால், தொண்டையால், எதனால் முடியுமோ அதனால்.

"பேசாத, பேசாத. வாயே அசையக் கூடாதுன்னாரு." அவன் அதே ஓரத்தைத் தொடர்ந்து இன்னொரு நீளம் கிழித்தான். சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்தான். மோவாய்க்கு அடியில் கொடுத்து, காதுகளை ஒட்டி மேலே ஏற்றினான். அவ்வளவு பதவிசாக யாரும் அவளைத் தொட்டதில்லை. சூடு இதமாகக்கூட இருந்தது. உச்சியில் ஈரத் துணியை முடிச்சுப் போட்டான். கலைந்த முடியை ஒதுக்கினான். "எங்கம்மாவ நீ பாத்த மாதிரி உன்னைய நான் பாக்குறேன். தூங்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். கதவை ஒருக்களித்து வைத்தான்.

ஜன்னல் வழியே வெளிச்சம் வந்தது. நல்ல வெயில். கதவுச் சந்து வழியே வாசலில் அவன் முதுகு தெரிந்தது. பக்கத்தில் ஆண்டாயியின் சாம்பல் சட்டி.

"தூங்குறாளா?"

"தூங்குறா அக்கா. இப்பத்தான் கட்டுப் போட்டேன்."

"பாவம். நல்ல பொண்ணு."

டக். டக். கொட்டை உடைந்தது. கடைத்தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. எல்லாம் இருபதடி தூரத்தில், பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கி உச்சி முடிச்சைத் தொட முயன்றாள். கை தோளுக்கு மேல் வரவில்லை. தூக்கினால் கழுத்து சுண்டி இழுத்தது, கண் இருட்டியது. மறு கை. அதுவும் அப்படியே. வெயிலில் ஓடு காய்ந்தது. ஓட்டுச் சூட்டில் துணி காய ஆரம்பித்தது. காயக் காய இறுகியது.

காது மடல் மடிந்தது. பல் பல்லில் பதிந்தது.

டக்.

அது வெளியிலிருந்து வரவில்லை. அவள் வாயிலிருந்தும் வரவில்லை. தலைமாட்டிலிருந்து வந்தது.

தலையைத் திருப்ப முடியாது. ஓடுகள் மட்டும் தெரிந்தன. ஓட்டுச் சந்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதையே பார்த்தாள்.

கயிறு இறங்கியது. தலைமாட்டுப் பக்கம், யாரோ உட்கார்ந்த மாதிரி.

செம்மண் வாசனை.

ஏங்க. ஏங்க. உள்ளே கத்தினாள். வாசலிலிருந்து அவன் வரவில்லை.

பிடரிக்கு அடியில் கை நுழைந்தது.

குளிர்ந்த கை. ஒரு பக்கம் கட்டைவிரல். மறுபக்கம் நாலு விரல். நொந்துபோன ஐந்து இடங்களிலும், ஒன்று தப்பாமல், அதது அதனதன் இடத்தில் வந்து அமர்ந்தது. இன்னொரு கை மோவாயில்.

கழுத்து எழும்பியது. இரண்டு பக்கமும், இருக்கிற பலமெல்லாம் சேர்த்து. உயிர் இருக்கு. உயிர் இருக்கு. உயிர் இருக்கு.

அந்தக் கை நின்றது. எழும்புகிற சதையின் மேல், நல்ல தோல் உள்ள அந்த விரல்கள், அசையாமல் வெகுநேரம் இருந்தன. ஒவ்வொரு துடிப்பையும் பார்த்தன. எல்லாம் தெரிந்துகொண்டன.

பிறகு மேலே தள்ளின.

வாசலில் ஆண்டாயி ஏதோ சொல்ல, தர்மராஜ் சிரித்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சப் புள்ளியை ஒரு முகம் மறைத்தது. மூடிய உதட்டின் மேல், முதல் பிடி அரிசி விழுந்தது.